அரசு விமான நிறுவனத்தின் நிதிக் கட்டுப்பாடு பற்றிய விசாரணை அறிக்கையை வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணக்கியல் படிக்கும் இளைஞர்களோடும், கூட்டுறவுச் சங்கங்களின் உள் கணக்காய்வுக் குழுவில் இருப்பவர்களோடும் இத்தகைய அறிக்கைகளை வரிவரியாக வாசித்து வருகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதலில் நட்டத் தொகையைத் தேடுகிறார்கள். அடுத்துப் பெயர்களைத் தேடுகிறார்கள். இரண்டும் கிடைத்ததும் அறிக்கையை மூடிவிடுகிறார்கள்.

நட்டம் வேறு, கட்டுப்பாட்டுக் குறை வேறு. எண்ணெய் விலை ஏறினால் ஒழுங்காக நடக்கும் விமான நிறுவனமும் நட்டப்படும். நல்ல இலாபம் காட்டிய ஆண்டிலும் தவறான பட்டுவாடா நடந்திருக்கலாம். ஆகவே அறிக்கையிடம் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணம் வெளியே போகாமல் தடுக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அவர் ஏன் தடுக்கவில்லை என்பதே. கீழே உள்ள படிகள் அந்தக் கேள்வியை ஒட்டி அமைந்தவை. வரிசையை மாற்றினால் முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்துவிட்டு அதற்கேற்ற வரிகளை மட்டும் பொறுக்கும் நிலை ஏற்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அறிக்கையின் முழு வடிவம் வேண்டும். நாளேட்டுச் செய்தியோ, அமைச்சகம் வெளியிடும் சுருக்கமோ போதாது. இணைப்புகளும் அடிக்குறிப்புகளும் இருக்கும் பிரதியையே எடுங்கள், ஏனெனில் ஒப்புதல் தேதிகளும் தொகைகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, விசாரிக்கப்பட்ட ஆண்டுகளுக்கான நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள் வேண்டும். அவற்றுக்கு முந்திய ஓர் ஆண்டும் பிந்திய ஓர் ஆண்டும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) நிறுவனத்தைப் பொறுத்தவரை இங்கே ஒரு சிக்கல் உண்டு. அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானா நேஷனல் ஒரு பங்குக்கு 27 காசு கொடுத்துச் சிறு பங்குதாரர்களின் பங்குகளை வாங்கி, 2014ஆம் ஆண்டின் கடைசி நாளில் நிறுவனத்தைப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கியது. 2015 செப்டம்பர் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ் பெர்ஹாட் என்ற புதிய நிறுவனம் பறக்கத் தொடங்கியது. ஆகவே 2014 வரைக்கும் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவுக்கு அளிக்கப்பட்ட காலாண்டு அறிக்கைகளைத் தேடலாம். அதற்குப் பிந்தியவற்றுக்குப் புதிய நிறுவனத்தின் பெயரில் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனப் பதிவகத்தில் கட்டணம் செலுத்திக் கணக்குகளைப் பெற வேண்டும். பழைய பெயரில் தேடிவிட்டு “கணக்கே வெளியிடவில்லை” என்று எழுதுபவர்கள் உண்டு.

மூன்றாவது, தொகையின் அலகு. நம் அறிக்கைகள் மில்லியன், பில்லியன் ரிங்கிட்டிலும், இந்திய அறிக்கைகள் கோடி ரூபாயிலும், விமான விலைகள் அமெரிக்க டாலரிலும் இருக்கும். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அலகையும் நாணயத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் இருவராக வாசியுங்கள். ஒருவர் விவரிப்பையும் மற்றவர் கணக்குப் பட்டியல்களையும் பார்த்தால், இரண்டும் ஒத்துப்போகாத இடம் உடனே கண்ணில் படும்.

2. விசாரித்தவர் யார், எந்த அதிகாரத்தில் விசாரித்தார்

இதை முதலில் குறித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு: ஒரே வாக்கியத்துக்கு ஒவ்வோர் அமைப்பின் அறிக்கையிலும் வெவ்வேறு எடை இருக்கிறது.

தலைமைக் கணக்காய்வாளர் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி தம் அறிக்கையை மாமன்னரிடம் அளிக்கிறார். அது பின்னர் மக்களவையில் வைக்கப்படுகிறது. அவர் ஆவணங்களைச் சோதித்து எழுதுகிறார். சம்பந்தப்பட்ட நிர்வாகத்தின் விளக்கமும் அதோடு சேர்ந்து வரும். 1957ஆம் ஆண்டுக் கணக்காய்வுச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டபோது, பொதுப் பணம் போய்ச் சேரும் நிறுவனங்கள் வரை அவர் பின்தொடர்வதற்கு வழி அகலமாக்கப்பட்டது. பி.ஏ.சி. என்று நாம் சொல்லும் பொதுக் கணக்குக் குழு, மக்களவையின் 77ஆவது நிலைக்கட்டளையின் கீழ் இயங்குவது. அதில் இருப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அரச விசாரணை ஆணையம் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்படுவது. எஸ்.பி.ஆர்.எம். எனப்படும் ஊழல் தடுப்பு ஆணையம் நடத்துவது குற்றப் புலனாய்வு. அதன் விசாரணைத் தாள்கள் நம் கைக்கு வருவதில்லை.

இவற்றில் எதுவும் நீதிமன்றம் அன்று. பி.ஏ.சி. அறிக்கையில் ஒரு சாட்சி சொன்னதாக வரும் வரி அந்தச் சாட்சியின் கூற்று மட்டுமே. குழுவின் முடிவு தனிப் பகுதியில் இருக்கும். சாட்சியின் பேச்சைக் குழுவின் முடிவாக எடுத்தாள்வதுதான் நான் மிக அதிகமாகத் திருத்த நேரும் பிழை.

3. விசாரணையின் எல்லையைக் கோடு போட்டுக்கொள்ளுதல்

எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்த நிறுவனங்கள், எந்தெந்த விவகாரங்கள் என்பதை விசாரிப்பவருக்குத் தரப்பட்ட பணிப்பு விதிகள் சொல்லும். இலங்கையில் 2018இல் அதிபர் அமைத்த ஆணைக்குழு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் கேட்டரிங், மிஹின் லங்கா ஆகிய மூன்றையும், 2006 ஜனவரி முதல் 2018 ஜனவரி வரையிலான காலத்துக்கு விசாரித்தது. உணவு வழங்கும் துணை நிறுவனம் தனியாகப் பெயரிடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். விமான நிறுவனத்தின் பணம் துணை நிறுவனங்கள் வழியாகவும் நகரும். அவை எல்லைக்குள் இல்லையென்றால் அறிக்கை அவற்றைத் தொடாது. தொடாததைக் குறைபாடின்மை என்று கொள்ளாதீர்கள்.

4. காலவரிசைப் பட்டியல்

முடிவுரையை வாசிப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) போதும்: தேதி, நடந்தது, முடிவெடுத்தவர், அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த தகவல். கடைசிப் பத்தியே மிக முக்கியமானது. பின்னால் தெரியவந்ததைக் கொண்டு முன்னால் எடுத்த முடிவைக் குறை சொல்லாமல் அது நம்மைத் தடுக்கும்.

இந்தியத் தலைமைக் கணக்காய்வாளர் 2011இல் வெளியிட்ட விமானத் துறை அறிக்கை இதற்கு நல்ல பயிற்சி. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 111 விமானங்களை வாங்கின: இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43 ஏர்பஸ், ஏர் இந்தியாவுக்கு 68 போயிங். செய்திகளில் நிற்பது இந்த 111 என்ற எண்தான். காலவரிசை போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும்: 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏர் இந்தியா வைத்த திட்டம் 28 விமானங்களுக்கானது, அதே ஆண்டு முடிவதற்குள் அது 68 ஆகிவிட்டது. இடையில் சந்தை அவ்வளவு மாறியதா, எந்தக் கூட்டத்துக்குப் பிறகு எண் மாறியது, புதிய எண்ணுக்கு வருமான மதிப்பீடு மீண்டும் செய்யப்பட்டதா, கடன் வாங்கியே செலுத்த வேண்டிய தொகையை எந்த வருமானம் அடைக்கும் என்று கணக்கிட்டவர் யார்? கட்டுப்பாடு பற்றிய கேள்விகள் எல்லாம் அந்த 28க்கும் 68க்கும் நடுவில்தான் இருக்கின்றன.

நம் நாட்டிலும் இதே முறையைப் போட்டுப் பார்க்கலாம். 1994இல் மாஸ் நிறுவனத்தின் 32 விழுக்காட்டுப் பங்கு, பங்கு ஒன்றுக்கு 8 ரிங்கிட் விலையில் தனியாருக்குப் போனது. 2000 டிசம்பரில் அரசாங்கம் 29 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான பங்கை அதே 8 ரிங்கிட்டுக்குத் திரும்ப வாங்கியது. அப்போது சந்தை விலை அதில் பாதிகூட இல்லை. இதை எழுதும்போது பலர் உடனே ஒரு வசைச்சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக நான்காவது பத்தியை நிரப்ப முயலுங்கள்: அந்த விலையை மதிப்பிட்டவர் யார், மாற்று விலைகள் எவை முன்வைக்கப்பட்டன, ஒப்புதல் எங்கே கையெழுத்தானது. விடை கிடைக்காத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். வெறுமையான கட்டமும் ஒரு கண்டுபிடிப்புதான். அதை ஊகத்தால் நிரப்பினால் பட்டியலே பயனற்றுப் போகும்.

காலவரிசையில் இன்னொரு கண்ணி, நிதியாண்டு. மாஸ் 2005இல் தன் கணக்கு முடிக்கும் மாதத்தை மார்ச்சிலிருந்து டிசம்பருக்கு மாற்றியது. ஆகவே அந்த ஆண்டுக்குச் சொல்லப்படும் சுமார் 1.3 பில்லியன் ரிங்கிட் நட்டம் 9 மாதங்களுக்கு உரியது. அதை 12 மாதக் கணக்குகளோடு நேரடியாக ஒப்பிட்டுச் சதவீதம் போடுவது பிழை.

5. பணம் போன பாதையில் கைகளைப் பிரித்தல்

இதுதான் வேலையின் நடுப்பகுதி. அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும்.

ஒவ்வொரு பெரிய செலவுக்கும் ஐந்து கைகள் உண்டு: கேட்டவர், ஒப்புதல் தந்தவர், பொருளையோ சேவையையோ பெற்றுக்கொண்டதாகச் சான்று சொன்னவர், பணம் கொடுத்தவர், கணக்கில் எழுதியவர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்த ஆள்களை எண்ணுவது மண்டோர், செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் எழுதுவது கிராணி, கையெழுத்திடுவது துரை, சம்பள நாளில் மேசைக்கு எதிரே நின்று பெயர் கூப்பிட வாங்கிக்கொள்வது ஆள். இவற்றில் மூன்று ஒரே கைக்குப் போனால், ஊரைவிட்டுப் போனவர் பெயரிலும் சம்பளம் விழும். விமான நிறுவனத்தில் தொகைதான் பெரிது.

அறிக்கையில் வரும் ஒவ்வொரு விவகாரத்துக்கும் இந்த ஐந்து கைகளையும் எழுதுங்கள். ஒரே பதவி இரண்டு இடங்களில் வந்தால் வட்டமிடுங்கள். ஒப்புதல் வரம்புப் பட்டியல் அறிக்கையில் இருந்தால், எவ்வளவு தொகை வரை தலைமை நிர்வாகி கையெழுத்திடலாம், எதற்கு மேல் இயக்குநர் வாரியம் பார்க்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வரம்பு 10 மில்லியன் என்றால், 9.5 மில்லியன் மதிப்பில் அடுத்தடுத்து வரும் ஒப்பந்தங்களைத் தேடுங்கள். ஒன்றாக இருந்ததை உடைத்து வரம்புக்குக் கீழே கொண்டுவருவது மிகப் பழைய வழி.

விமானத் தொழிலில் எங்கே தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானம் வாங்கும்போது உற்பத்தியாளருக்குச் செலுத்தும் முன்பணமும், அவர் திருப்பித் தரும் சலுகைத் தொகையும் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டன என்று பாருங்கள். விமானத்தை விற்று உடனே குத்தகைக்குத் திரும்ப எடுக்கும் ஏற்பாடுகளில் அந்த ஆண்டின் இலாபம் உயர்ந்து தோன்றும். பின்வரும் ஆண்டுகளின் குத்தகைச் சுமையை யார் கணக்கிட்டார் என்பதே கேள்வி. ஹெட்ஜிங் எனப்படும் எண்ணெய் முன்விலை ஒப்பந்தங்களில் எவ்வளவு அளவுக்கு, எவ்வளவு காலத்துக்கு உறுதி கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு இருந்ததா, அதை வாரத்துக்கு வாரம் பார்த்தவர் வாங்கியவரா வேறொருவரா என்று தேடுங்கள். முன்கூட்டி விற்ற பயணச்சீட்டுப் பணம் பயணி பறக்கும் வரை நிறுவனத்தின் கடனே. அதை எடுத்து அன்றாடச் செலவுக்குப் புரட்டுவது நோய் முற்றியதன் அடையாளம். உதிரிப் பாகக் கிடங்கில், புத்தகத்தில் இருக்கும் எண்ணும் தட்டில் இருக்கும் எண்ணும் கடைசியாக எப்போது ஒப்பிடப்பட்டன என்பதையும் பாருங்கள்.

கைகளைப் பிரித்த பிறகு, ஒவ்வொரு குறையையும் மூன்று வகையில் ஒன்றாக எழுதுங்கள். ஒன்று, விதியே இல்லை; இரண்டு, விதி தாளில் இருந்தது, ஆனால் யாரும் செயல்படுத்தவில்லை; மூன்று, விதி செயல்பட்டது, ஆனால் மேலிருந்து ஒருவர் அதை மீறினார். இந்த மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. மூன்றாவது வகைக் குறைக்கு “புதிய விதிமுறை வகுக்கப்படும்” என்று பரிந்துரை வந்தால், அந்தப் பரிந்துரை பயன் தராது என்று துணிந்து எழுதலாம். இருக்கிற விதியை மீறியவருக்குப் புதிய விதியும் அப்படித்தான்.

இந்தப் பிரிப்புக்குப் பயிற்சியாக ஏர்பஸ் விவகாரத்தை எடுக்கலாம். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளோடும், லஞ்சப் புகார்களைத் தீர்த்துக்கொள்ள, விமான உற்பத்தி நிறுவனமான ஏர்பஸ் செய்துகொண்ட உடன்பாடுகளின் மொத்தத் தொகை சுமார் 3.6 பில்லியன் யூரோ. பிரிட்டனில் ஏர்பஸ் ஏற்றுக்கொண்ட உண்மை விவரத்தில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் பற்றிய பகுதி ஒன்று உண்டு. விமானக் கொள்முதலோடு தொடர்புடைய நிர்வாகி ஒருவரின் மனைவியுடைய நிறுவனம் இடைத்தரகராக அமர்த்தப்பட்டது, 16.84 மில்லியன் டாலர் வரை தருவதாகச் சொல்லி, 2 மில்லியன் டாலர் கொடுக்கப்பட்டது. ஏற்றுமதிக் கடனுக்கு உத்தரவாதம் தரும் பிரிட்டிஷ் அரசு அமைப்பு அந்த இடைத்தரகர் யார் என்று கேட்டபோது, பெயரையும் அவர் ஆணா பெண்ணா என்பதையும் மாற்றிச் சொல்லி ஏர்பஸ் தரப்பிலிருந்து தவறான தகவல் தரப்பட்டது.

இதை ஐந்து கைகளில் வைத்துப் பாருங்கள். இடைத்தரகரின் பணம் விற்பவரிடமிருந்து போனது. வாங்குபவரின் பேரேட்டில் அது தோன்றவே தோன்றாது. அப்படியானால் வாங்கும் நிறுவனத்திடம் இருக்க வேண்டிய தடுப்பு, பட்டுவாடாவுக்கு வெகு முன்பே, நிர்வாகிகளின் குடும்ப நலன் பற்றிய அறிவிப்புப் படிவத்தில் இருந்திருக்க வேண்டும். கேள்வி கேட்டதோ மூன்றாம் தரப்பான கடன் உத்தரவாத அமைப்பு. பேரேட்டை மட்டும் புரட்டுபவர் இத்தகைய விவகாரத்தை ஒருநாளும் பிடிக்க மாட்டார்.

6. தொகைகளை இனம் பிரித்தல்

அறிக்கையில் வரும் எல்லாத் தொகைகளையும் கூட்டி “இவ்வளவு போய்விட்டது” என்று எழுதுவது கூடாது. கையைவிட்டுப் போன ரொக்கம், சொத்தின் மதிப்புக் குறைப்பு, எதிர்காலக் கடமைக்கான ஒதுக்கீடு, கிடைத்திருக்க வேண்டிய ஆனால் கிடைக்காத வருமானம் ஆகிய நான்கும் வெவ்வேறு. மாஸ் 2011இல் காட்டிய 2.52 பில்லியன் ரிங்கிட் நட்டத்தில் ஒரு பெரிய பகுதி, குத்தகை விமானங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆகும் செலவுக்கான ஒதுக்கீடும் மதிப்புக் குறைப்பும் ஆகும். அவை அந்த ஆண்டில் யாரோ எடுத்துச் சென்ற பணம் அன்று. ஆனால் ஒதுக்கீடு முந்திய ஆண்டுகளிலேயே ஏன் செய்யப்படவில்லை என்பது நியாயமான கட்டுப்பாட்டுக் கேள்வி. புதிய நிர்வாகம் வந்த கையோடு பழைய சுமை முழுவதையும் ஒரே ஆண்டில் இறக்கிவைப்பதும் வழக்கம்தான்.

7. கணக்காய்வுச் சான்றின் எடை

“கணக்காய்வாளர் குறை சொல்லவில்லையே” என்ற வாதம் கட்டாயம் வரும். தென்னாப்பிரிக்காவின் அரசு விமான நிறுவனமான எஸ்.ஏ.ஏ.வின் கணக்குகளுக்குத் தனியார் கணக்காய்வு நிறுவனங்கள் பல ஆண்டுகள் குறையற்ற சான்று வழங்கின. 2016–17 நிதியாண்டுக்கு அந்நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளர் பொறுப்பேற்றுப் பார்த்தபோது சான்று குறைகளோடு வந்தது. அந்நாட்டில் அரசு நிறுவன ஊழல்களை விசாரித்த நீதிபதி சோண்டோ ஆணையம் 2022 ஜனவரியில் வெளியிட்ட முதல் பகுதியில் இது விரிவாகப் பேசப்படுகிறது.

ஆண்டுக் கணக்குச் சான்று, நிதிநிலை அறிக்கை உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறதா என்பதையே சொல்கிறது. ஒவ்வொரு கொள்முதலும் முறைப்படி நடந்ததா என்பது அதன் வேலை அன்று. எனவே சான்றைவிட, உள் கணக்காய்வுப் பிரிவு யாரிடம் அறிக்கை கொடுத்தது என்பதைத் தேடுங்கள். வாரியத்தின் கணக்காய்வுக் குழுவிடமா, தலைமை நிர்வாகியிடமா என்ற ஒரு விவரம் பல பக்கங்களுக்குச் சமம்.

8. மறுமொழியையும் பெயர்களையும் கையாளுதல்

நிர்வாகத்தின் விளக்கத்தை வாசிக்காமல் கண்டுபிடிப்பை மேற்கோள் காட்டாதீர்கள். “அவசரம் கருதி நேரடிக் கொள்முதல்” என்று விளக்கம் வந்தால் காலவரிசைப் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள். தேவை எழுந்த தேதிக்கும் ஒப்பந்தத் தேதிக்கும் இடையே எட்டு மாதம் இருந்தால் அவசரம் எங்கே?

பெயர்களை எழுதும்போது, அவர் சாட்சியமளிக்க அழைக்கப்பட்டாரா, குற்றம் சாட்டப்பட்டாரா, தீர்ப்பு வந்ததா என்ற மூன்றையும் உறுதிசெய்யுங்கள். ஏர்பஸ் உடன்பாடு போன்றவை நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவை. அவற்றில் குறிப்பிடப்படும் தனிமனிதர் மீது அவை தீர்ப்பு அல்ல. தெரியாதபோது பதவியை மட்டும் எழுதினால் போதும்.

உள்ளே வேலை பார்க்கும் உறவினர் யாராவது ஆவணம் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு, எஸ்.பி.ஆர்.எம். போன்ற அமலாக்க அமைப்பிடம் தெரிவிப்பவருக்கு உரியது. நம்மிடம் காட்டுபவருக்கு அது கிடைக்காது. அவரை அங்கே அனுப்புவதே அவருக்குச் செய்யும் உதவி.

9. ஒரு பக்கக் குறிப்பும் தொடர் கண்காணிப்பும்

வாசித்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேலே விசாரித்த அமைப்பும் எல்லையும். நடுவில் ஒவ்வொரு விவகாரத்துக்கும் ஒரு வரி வீதம் தொகை, அதன் இனம், உடைந்த கை, குறையின் வகை. கீழே விடை கிடைக்காத கேள்விகள். ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை என்றால் விவகாரங்களைக் குறையுங்கள். எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், பெரியவர்களும் வாசிக்க வேண்டும்.

பரிந்துரைகளைத் தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளரின் பதவியையும் கெடுவையும் குறிக்கவும். கெடு தரப்படாத பரிந்துரையைச் சிவப்பில் எழுதுவது எங்கள் வழக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மக்களவையின் ஹன்சார்ட்டில் (விவாதப் பதிவில்) நிறுவனத்தின் பெயரைத் தேடி, எழுத்து மூலக் கேள்விகளுக்கு அமைச்சர் அளித்த பதில்களை அந்தத் தாளில் தேதியோடு சேருங்கள். “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில் இரண்டாவது முறையும் வந்தால், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு அந்தத் தாளின் நகலோடு சென்று, அறிக்கையின் பக்க எண்ணையும் பரிந்துரையின் எண்ணையும் குறிப்பிட்டு, அடுத்த கூட்டத்தொடரில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எண் போட்டுக் கேட்டால் அமைச்சகம் அந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.